பச்சைத் துணி கட்டிய சைக்கிள்கள்

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டேன். என் மனைவி ஆறு மணிப் பூசைக்குத் தன் மின் சைக்கிளில் கோவிலுக்குப் போய்விட்டு, வரும் வழியில் ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி வந்தாள். நான் அடுத்த வாரத்துக்கு வேண்டிய ஐந்து சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டு மாட்டினேன். காலைக்கு இட்லி, தக்காளிச் சட்னி. பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை படித்து மடித்து வைத்தேன். அதுவரை எல்லாச் சனிக்கிழமைகளையும் போலத்தான்.

வாசலில் வண்டி நின்றது. அதை வேன் என்று சொன்னால் என் மச்சினன் கோபித்துக்கொள்வான். வீட்டு வண்டி என்று சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட வெள்ளை வேனை இருவரும் சேர்ந்து வாங்கி, ஓராண்டு உழைத்து, உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வைத்தோம். பதிவையும் முறைப்படி மாற்றிக்கொண்டோம். எதிர்வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை அதை நடமாடும் டீக்கடை என்றே சொல்லிவருகிறார். நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருக்கிறேன். கட்டிலும் அடுப்பும் எங்கே வர வேண்டும் என்று முதலில் தாளில் வரைந்தேன். பிறகுதான் ஆசாரி கை வைத்தார். அதனால் உள்ளே எதுவும் எதையும் இடிக்காது.

இடித்ததெல்லாம் வண்டியின் பின்பக்கத்தில்தான். அங்கேதான் சைக்கிள்கள் போக வேண்டும்.

சைக்கிள்கள் ஏன் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்கா ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறார், கடலோரத்தில், இங்கிருந்து ஒரு பகல் தூரம். அவர் துறவற வாக்குக் கொடுத்து இருபத்தைந்து ஆண்டு நிறைவதால் அடுத்த சனிக்கிழமை வெள்ளி விழா வைத்திருந்தார்கள். மனைவிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடது முழங்கால் இன்னும் முறை வைத்துக் காத்திருக்கிறது. வீட்டுக்குள் நடப்பாள். தெருமுனைக்கு மேல் முடியாது. அந்த மடமோ பெரிய வளாகம். விருந்தினர் அறையிலிருந்து கோவிலுக்கு ஒரு கிலோமீட்டர், கோவிலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்னொரு அரை. சக்கர நாற்காலி ஏற்பாடு செய்கிறோம் என்று அக்கா போனில் சொன்னபோது, இவள் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு என்னிடம், "அம்புட்டு சிஸ்டருக முன்னாடி என்னை யாரும் தள்ளிக்கிட்டுப் போக வேணாம்" என்றாள்.

அவளுக்குக் கால் என்றால் அந்தச் சைக்கிள்தான். இறங்கி ஏற வசதியாகக் குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள், முன்னால் கூடை, பெடல் மிதிக்க முடியாத நாளில் கைப்பிடியைத் திருகினால் அதுவே போகும். கோவில், காய்க்கடை, தங்கச்சி வீடு, நூலகம் எல்லாம் அதில்தான். அது கூட வந்தால் அவள் விழாவுக்கு வருவாள். ஆனால் அதை வண்டிக்குப் பின்னால் கேரியர் என்று ஓர் இரும்புச் சட்டம் பொருத்தி அதில் கட்டி முந்நூறு கிலோமீட்டர் கொண்டுபோவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வழியில் விழுந்து உடைந்தால் அங்கேயும் நாற்காலி, இங்கே திரும்பிவந்தும் நாற்காலி. "கட்டிக் காட்டுங்க. ஓட்டிக் காட்டுங்க. என் கண்ணால பாத்துட்டுத்தான் வரேன், வரலன்னு சொல்லுவேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். வண்டிக்குள்ளேயே வைக்கலாமே என்று கேட்பீர்கள். வளாகத்துக்குள் அவளோடு கூடப் போக என்னுடைய மின் சைக்கிளும் வருகிறது; இரண்டும் உள்ளே போனால் நாங்கள் இருவரும் கேரியரில் உட்கார வேண்டியிருக்கும்.

ஆகவே அன்று சோதனை ஓட்டம். திண்டுக்கல்லிலிருந்து பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் வரை போய், அங்கிருந்து பிரிந்து கன்னிவாடி, அப்படியே திரும்பி வீடு. நல்ல சாலை, மோசமான சாலை, வேகத்தடை மூன்றும் இந்தத் தடத்தில் கிடைக்கும். பழனிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் வருமே என்று யோசித்தேன். தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது; கூட்டம் கடைசி வாரத்தில்தான் சேரும் என்று முடிவு செய்தேன்.

கேரியரை நாகல் நகர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தோம். பின்கதவில் மாட்டாமல் வண்டியின் அடிச்சட்டத்திலேயே போல்ட் போட்டு இறுக்கியது. சக்கரங்கள் உட்கார நீளப் பள்ளம் போன்ற இரண்டு தகரக் காடிகள், சைக்கிளின் உடம்பைப் பிடிக்க ரப்பர் வைத்த இரண்டு கைகள், சக்கரத்துக்கு ஒன்றாக, பல் பல்லாக இழுத்து இறுக்கும் ராட்செட் பெல்ட். நூறு கிலோ தாங்கும் என்றார் பட்டறைக்காரர். நிற்கிற வண்டியில் தாங்கும். பள்ளத்தில் விழுந்து எழும் வண்டியில் அதே எடை ஒன்றரை மடங்குக்கு மேல் இழுக்கும் என்பதால் அறுபதுதான் வரம்பு என்று நான் வைத்துக்கொண்டேன். மச்சினனின் கத்திரிக்காய் மண்டித் தராசில் எடை போட்டபோது, பேட்டரி கழற்றிய பின் அவள் சைக்கிள் இருபது கிலோ, என்னுடையது இருபத்து மூன்று. ஆக நாற்பத்து மூன்று. பேட்டரி இரண்டையும் உள்ளே கட்டிலுக்கு அடியில், பழைய தலையணைகளுக்கு நடுவே வைத்தேன். எடையும் குறையும், வெயிலும் அதிர்ச்சியும் படாது.

குறுக்குக் கம்பி இல்லாததுதான் பெரிய சிக்கல். கேரியரின் கைக்கு அவள் சைக்கிளில் பிடித்துக்கொள்ள இடமே இல்லை. கைப்பிடித் தண்டுக்கும் சீட்டுத் தண்டுக்கும் நடுவே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு குழாய் செய்யச் சொன்னேன். அதற்கே பட்டறைக்கு மூன்று முறை போனேன். அன்று காலை அதை மாட்டி, கேரியரின் கை அதைக் கவ்வியதும், மனைவி ஒரு குளியல் துண்டோடு வந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. பெயின்ட் போயிரும்" என்று குழாய் தொடும் இடத்திலெல்லாம் துண்டைச் சுற்றினாள்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய மச்சினன் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் கத்திரித் தோட்டம். வாரம் மூன்று லோடு ஏற்றுகிறவன்.

"மச்சான், ரெண்டு தேங்காக் கயிறு போதும். முந்நூறு மூட்ட கட்டி அனுப்பிருக்கேன், ஒரு மூட்ட விழுந்ததில்ல."

"மூட்டைக்குக் கால்வலி கிடையாது மாப்ள" என்றேன்.

"அதுவும் சரிதான். அக்கா, நீ சுத்துறதப் பாத்தா சைக்கிளுக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டப் போற மாதிரி இருக்கே."

அடுத்த வழக்கு, எது உள்பக்கம், எது வெளிப்பக்கம். கனமானது வண்டியை ஒட்டி இருக்க வேண்டும். அதனால் என்னுடையது உள்ளே, அவளுடையது வெளியே. கைப்பிடிகள் மோதாமல் இருக்க ஒன்று கிழக்கே பார்க்க, ஒன்று மேற்கே பார்க்க.

"பின்னாடி ஒரு லாரிக்காரன் வந்து இடிச்சா மொதல்ல என்னோடதுதான?" என்றாள்.

"லாரி இடிச்சா சைக்கிளைப் பத்தி யோசிக்க நாம இருக்க மாட்டோம்கா" என்றான் தம்பி. அந்தச் சமாதானம் எப்படியோ எடுபட்டது.

வண்டியின் பின்விளக்குகளையும் எண் பலகையையும் சைக்கிள்கள் மறைத்துவிடும். அதற்காக ஒரு பலகையில் இன்னொரு ஜோடி விளக்கும் எண்ணும் பொருத்தி, கேரியரின் கடைசியில் மாட்டியிருந்தேன். போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் இறுக்கிய பிறகு வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். எல்லாம் முடிந்தபோது ஒன்று மட்டும் இல்லை. வண்டியை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும் பொருளில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும் அல்லவா? வீட்டில் சிவப்பாக எதுவும் அகப்படவில்லை. மனைவி பீரோவைக் குடைந்து, பழைய பச்சைப் புடவையில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"சிவப்புதான் கட்டணும்" என்றேன்.

"கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சாப் போதாதா? இதுவும் பளிச்சுன்னுதான் இருக்கு."

இருந்தது. அவளுடைய சைக்கிளின் கைப்பிடியில் அதைக் கட்டினேன்.

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். அவள் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். தம்பியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே வருவதாகச் சொன்னாள். ஒரு ஹார்ன் என்றால் எல்லாம் நலம், இரண்டு என்றால் நிறுத்து என்று பேசிக்கொண்டோம். பழனி ரோட்டில் ஏறுவதற்குள் நான்கு முறை இரண்டு ஹார்ன் கேட்டது. நான்கு முறையும் ஓரங்கட்டி இறங்கிப் போய்ப் பார்த்தேன். சைக்கிள்கள் அசையாமல்தான் இருந்தன.

நான்காம் முறை மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். "மச்சான், நீங்க நிக்காதீங்க. ஆடுறது சைக்கிள் இல்ல. என் ஸ்கூட்டர்ல உக்காந்து பாத்தா மலையே ஆடத்தான் செய்யும்."

"அந்தப் பக்கத்து சக்கரம் லேசா ஆடுதுடா" என்றாள் அவள்.

"காத்துக்கு ஆடுதுக்கா. கட்டிப்போட்ட மாடுகூட வால ஆட்டும்."

முன்சக்கரத்தைச் சைக்கிளின் உடம்போடு ஒரு சிறு பெல்ட்டால் கட்டினேன். அதன் பிறகு ரெட்டியார்சத்திரம் வரை ஒரு ஹார்ன் மட்டுமே கேட்டுவந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் கத்திரி வயலும். சாலையின் இடது ஓரத்தில் பச்சை வேட்டிகள் பத்துப் பதினைந்தாக நடந்துகொண்டிருந்தன. பூசக் கூட்டம் நான் நினைத்ததைவிட முன்னதாகவே வந்திருந்தது. அவர்களை ஒட்டி மெதுவாகப் போனேன்.

புதிதாகக் கட்டிய பெல்ட் முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். அப்போது ஒரு முறை இறுக்கிவிட்டால் பிறகு தளராது. அதனால் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு புளிய மர நிழலில் நிறுத்தினேன். ஒவ்வொரு பெல்ட்டும் இரண்டு பல் ஏறியது. மனைவி ஸ்கூட்டரை விட்டு இறங்கி, சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். வண்டியே சேர்ந்து ஆடியது. சைக்கிள் தனியாக ஆடவில்லை.

"சரி. இனி வண்டிக்குள்ளயே வாரேன். இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள்.

மச்சினன் தோட்டத்துக்குப் போக விடைபெற்றான். நாங்கள் முன்னால் இருந்த டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தோம். எனக்கு டீ, அவளுக்குச் சுக்குக் காப்பி, ஆளுக்கொரு உளுந்து வடை. அப்போது பச்சை வேட்டி கட்டிய ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"அண்ணே, மரத்தடியில நிக்கிற வெள்ள வண்டி உங்களதா?"

"ஆமா."

"இப்பக் கெளம்பப் போறீகளா?"

"ஆமா. டீயக் குடிச்சதும்."

அவர் வெளியே திரும்பி, "ஏய், வெரசா! வண்டி கெளம்பப் போகுதாம்!" என்று குரல் கொடுத்தார். வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களை எழுந்திருக்கச் சொல்கிறார், நல்ல மனிதர் என்று எண்ணினேன். வடையை முடித்து, முன்கதவு வழியாக ஏறி, கிளம்பினோம். பெல்ட்டைத்தான் டீக்கு முன்பே இறுக்கிவிட்டேனே.

கன்னிவாடிப் பிரிவில் திரும்பியதும் சாலை ஒடுங்கியது. எதிரே மலை நீலமாக, அண்ணாந்து பார்க்காமலே கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. மனைவி சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இந்த வண்டியில் முதல் முறையாக, வெளியே வேடிக்கை பார்த்தாள். வெங்காயம் பிடுங்கிக் குவித்திருந்த ஒரு வயலைக் காட்டி, திரும்பும்போது வாங்க வேண்டும் என்றாள். அவள் முகத்தைப் பார்த்து, ஏறக்குறைய வந்துவிடுவாள் போலிருக்கிறது என்று நான் நினைத்த நேரத்தில் முதல் வேகத்தடை வந்தது.

பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம்.

"போச்சு!" என்றாள். "என் சைக்கிள் போச்சு."

நிறுத்தினேன். அந்தச் சத்தம் இரும்பு உடைகிற சத்தம் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அவள் படியைப் பிடித்து இறங்குவதற்குள் நான் பின்பக்கம் போய்விட்டேன்.

சைக்கிள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் சைக்கிளே தெரியவில்லை. கைப்பிடிகளில், சீட்டுகளில், கூடைக்குள், நான் மூன்று முறை பட்டறைக்குப் போய்ச் செய்த குழாயில் என்று எங்கு பார்த்தாலும் பைகள். காவிப் பை, பச்சைப் பை, ஜவுளிக்கடைப் பை. ஒரு பாய்ச்சுருள். காடியில் ஒரு பத்து லிட்டர் தண்ணீர்க் கேன், அதையும் யாரோ அக்கறையாகத் துண்டால் கட்டியிருந்தார்கள். சத்தம் போட்டது சீட்டுக்கு அடியில் தொங்கிய ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

மனைவி வந்து பார்த்தாள். அப்போது ஒரு பைக்குள் போன் அடித்தது. அவள் எடுத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே! ஏண்ணே பழனிப் பாதைய விட்டுட்டு எங்கிட்டோ போறீக? கையத் தட்டுறோம், கத்துறோம், பாக்காமப் போறீகளே!" ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது.

"நான் அண்ணன் இல்லம்மா. நாங்க வேற வண்டி" என்றாள் மனைவி.

"வேற வண்டின்னா?"

"நாங்க திண்டுக்கல். சும்மா போறோம். உங்க பையெல்லாம் எங்க சைக்கிள்ல எப்படி வந்துச்சு?"

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பிறகு விவரம் வந்தது. அவர்கள் சிவகங்கைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். கூட வந்த வண்டி திண்டுக்கல்லில் பழுதாகி நின்றுவிட்டது. வேறு வெள்ளை வண்டி அனுப்புகிறேன், ரெட்டியார்சத்திரம் தாண்டி நிற்கும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். அதே இடத்தில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. பின்னால் சாமான் வைக்கக் கம்பிச் சட்டம். அதில் இருந்த சைக்கிளில் அவர்கள் உடுத்தியிருந்த அதே நிறத்தில் ஒரு பச்சைத் துணி. யாராக இருந்தாலும் பையைத்தான் மாட்டுவார்கள்.

"ஒரு அம்மாவோட சக்கர வியாதி மாத்திர அதுலதான் இருக்குக்கா. கட்டுச்சோறும் அதுலதான்" என்றது போன்.

"பிரிவுக்குப் பக்கத்துல ஒரு மோர்ப் பந்தல் இருக்குல்ல, அங்க உக்காருங்க. கொண்டாரோம்" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல். கன்னிவாடி வரை போய்த்தான் திரும்ப வேண்டும், பிறகு பிரிவில் நடக்கிறவர்களுக்கு நடுவே அதை நுழைக்க வேண்டும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் துண்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள்.

"சைக்கிள எதுக்குக் கட்டிக் கூட்டியாந்தோம்? எறக்குங்க" என்றாள்.

கொஞ்சம் முன்னால் ஒரு தேங்காய்க் களம் இருந்தது; மட்டைக் குவியலுக்கு நடுவே வண்டி நிற்கத்தான் இடம், திருப்ப அல்ல. உரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு வண்டியை அங்கே நிறுத்திப் பூட்டினேன். பேட்டரிகளைப் பொருத்தி, சைக்கிள்களை இறக்கி, பைகளைப் பிரித்து மாட்டினோம். ஒன்பது பைகள். ஐந்து எனக்கு, நான்கு அவளுக்கு. தண்ணீர்க் கேன் என் பின்சீட்டில், பாய் அவள் கூடையில் குறுக்கே. தேங்காய் உரிக்கிற ஒருவர், "பழனிக்கு சைக்கிள்ல போறது இப்பப் புதுசாங்க?" என்று கேட்டார். இல்லை என்று விளக்க நேரமில்லை.

அவள்தான் முன்னால் போனாள். அவள் கோவிலுக்கும் கடைக்கும் போவதை நான் தினமும் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். நூறு அடியில் தெரு திரும்பிவிடும், அவ்வளவுதான். திறந்த சாலையில் அவள் சைக்கிள் ஓட்டி அன்றுதான் பார்த்தேன். முதுகு நேராக, முந்தானையை இடுப்பில் செருகி, குழி வரும்போது வேகம் குறைத்து, ஏறியதும் கூட்டி, ஓட்டத் தெரிந்தவள் ஓட்டுகிற மாதிரி ஓட்டினாள். எதிரே வந்த டிராக்டர் ஒதுங்கி வழி விட்டது. தூக்குவாளி அவள் கைப்பிடியில் மணி போல அடித்துக்கொண்டே வந்தது. ஐந்து கிலோமீட்டர். ஒரு முறைகூட அவள் திரும்பிப் பார்த்து நான் வருகிறேனா என்று சோதிக்கவில்லை.

மோர்ப் பந்தலில் பன்னிரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"ஆத்தாடி, சைக்கிள்லயே வாராக!" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். போனில் பேசியவள். "சத்தமே இல்லாம வருதே. என்னக்கா இது?"

"கரண்டு சைக்கிள். போன் மாதிரி ராத்திரி சார்ஜ் போட்டா காலையில ஓடும்."

திருநீற்றுக்காரர் என்னிடம் வந்தார். "அண்ணே, நான் கேட்டேன்ல? கெளம்பப் போறீகளான்னு கேட்டேன், ஆமான்னீக."

"கிளம்புறதப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். பையை மாட்டலாமான்னு கேக்கலையே?"

"பச்சத் துணியக் கட்டி மரத்தடியில நிப்பாட்டி வச்சிருக்கீக. இதுல பத்திரிகை வச்சு வேற அழைக்கணுமாக்கும்?"

பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் உட்படச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாத்திரை வேண்டிய அம்மாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மோரைக் குடித்தார். போன் பெண் பைகளை எண்ணி வாங்கினாள். அப்போது என் மனைவியின் கழுத்தில் இருந்த சிலுவையைக் கவனித்தாள்.

"அக்கா வேதக்காரகளா? வேளாங்கண்ணிக்கு நடப்பீகளா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு தடவ நடந்திருக்கேன். இப்பக் காலு ஒத்துக்கல."

"அதான் இது இருக்கே. இம்புட்டுப் பைய ஏத்திக்கிட்டு வந்த பெறகு காலு இல்லங்கிறீக!"

மனைவி மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். அவர்களுடைய உண்மையான வெள்ளை வண்டி அப்போதுதான் ஹார்ன் அடித்தபடி வந்து சேர்ந்தது. அதில் எந்தத் துணியும் இல்லை.

திரும்பும்போது வெங்காய வயலில் நின்று இரண்டு கிலோ வாங்கினோம். தேங்காய்க் களத்தில் சைக்கிள்களை மறுபடி ஏற்றினேன். இந்த முறை அவள் துண்டோடு பெல்ட்டையும் கையில் எடுத்தாள். ராட்செட்டை எப்படி இழுப்பது என்று கேட்டாள், காட்டினேன், பின்சக்கரத்தை அவளே கட்டினாள். கன்னிவாடி போய்த் திரும்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தோம்.

வழியில் எனக்கு மனம் சரியாக இல்லை. சைக்கிள் நாற்பத்து மூன்று, பைக்கு மூன்று கிலோ என்று குறைத்து வைத்தாலும் ஒன்பது பை இருபத்தேழு, தண்ணீர் பத்து. எண்பது. அறுபது என்று நான் வரைந்த கோட்டை அந்தக் கேரியர் ஐந்து கிலோமீட்டருக்கு மேல், ஒரு வேகத்தடை சகிதம், தாண்டிப் போயிருக்கிறது. இதை மனைவியிடம் சொன்னேன்.

"எண்பது தாங்குச்சுன்னா நாப்பது தாங்காதா?" என்றாள்.

"ஒரு தடவை தாங்குச்சுன்னு வச்சு எப்பவும் தாங்கும்னு சொல்ல முடியாது. உள்ளுக்குள்ள எங்கயாவது விட்டிருக்கும். பார்க்கணும்."

"பாருங்க" என்றாள். அதில் கோபமும் இல்லை, சம்மதமும் இல்லை.

சாயங்காலம் சைக்கிள்களை இறக்கிவிட்டுப் பார்த்தேன். வெல்டிங் பற்றுகள் ஒவ்வொன்றையும் துடைத்து, டார்ச் அடித்து, விரலால் தடவினேன். விரிசல் இல்லை. போல்ட்டுகளின் வெள்ளைக் கோடுகள் எதுவும் உடையவில்லை. ரப்பர் கிழியவில்லை. கடைசியாக நான்கு ராட்செட் பெல்ட்டுகள். மூன்று நன்றாக இருந்தன. நான்காவது, அவளுடைய சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருந்த பெல்ட், கொக்கிக்குப் பக்கத்தில் அரை அங்குலம் வழுக்கி, நூல் இரண்டு பிரிந்திருந்தது. தண்ணீர்க் கேனின் விளிம்பு அதில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தப் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய பெல்ட்டை எடுத்துவிட்டுப் புதியது மாட்டினால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. சொன்னால், வரவில்லை என்று சொல்ல அவளுக்கு இது ஒன்றே போதும். அக்கா விழாவில் தங்கையின் நாற்காலி காலியாக இருக்கும். ஆனால் கட்டிக் காட்டு, ஓட்டிக் காட்டு, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்டவளுக்கு நான் பார்த்ததைக் காட்டாமல் இருந்தால் இந்தச் சோதனை ஓட்டத்துக்கே அர்த்தமில்லை. உள்ளே போனேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டை அவள் முன்னால் வைத்து, எது பிரிந்தது, ஏன் பிரிந்தது என்று சொன்னேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டுப் பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது முழுசா அறுந்திருந்தா?"

"மத்த மூணும், மேல பிடிக்கிற கையும் இருக்கு. சைக்கிள் விழுந்திருக்காது. முன்சக்கரம் ஆடியிருக்கும், பெயின்ட் போயிருக்கும்."

"இனிமே?"

"சக்கரத்துக்கு ரெண்டு பெல்ட்டாப் போடுறேன். காடியில தண்ணிக் கேன் வைக்க யாரையும் விட மாட்டேன். அம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்ப்போம்."

"முப்பதுக்கு ஒரு தடவ" என்றாள்.

"சரி, முப்பது."

கத்தியை எடுத்து மறுபடி வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். இரவுச் சாப்பாட்டுக்குத் தோசையும் வெங்காயச் சாம்பாரும். மச்சினன் போனில் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டான். பை விவகாரத்தை அவளே முழுவதும் சொன்னாள், தூக்குவாளிச் சத்தத்தை வாயால் அடித்தும் காட்டினாள். அவன் சிரித்த சிரிப்பு எனக்கு மூன்று அடி தள்ளிக் கேட்டது. "அப்ப விழாவுக்குப் போறியாக்கா?" என்று அவன் கேட்டதும் கேட்டது. "சொல்றேன்டா" என்று வைத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு விளக்கை அணைத்தோம். நான் நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. நான் எழுந்தபோது அவள் ஏற்கெனவே வாசல் கேட்டருகில், பூசைக்குக் கிளம்பும் முன்னால், ஒரு பாத்திரத்தோடு நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் செய்த முதல் காரியம், பால்காரரிடம், வியாழனிலிருந்து நாலு நாளைக்கு எங்கள் வீட்டுக்குப் பால் வேண்டாம் என்று சொன்னதுதான்.